குசினி வாசலில் ஒரு சைக்கிள் மணி

சாய்ந்தமருது
25.01.2026

அன்புள்ள மருமகன் அர்ஹமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மாமி றுகையா எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் முஸ்பிறாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ என்று பயந்துவிட வேண்டாம். அல்லாஹ்வுடைய கிருபையால் எல்லாரும் நல்ல சுகம். ஆதிலாவுக்குப் போன கிழமை தடிமன் இருந்தது, இப்போது இல்லை. முஸ்பிறா கந்தோருக்குப் போய் வருகிறாள். என் முழங்கால் நோவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீங்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

மாமி எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பீர்கள். பக்கத்து வீட்டுச் சுஹறாவின் மகன் லீவு முடிந்து புதன்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன். மாசிச் சம்பல், பொரித்த சூரை, கொஞ்சம் தொதல். அதற்குள்தான் இந்தக் கடிதமும் இருக்கிறது. முஸ்பிறாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பிறகு தெரியட்டும்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. ஒளித்து நின்று கேட்கவில்லை. உங்கள் பெண்சாதி போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டுத் தேங்காய் துருவுகிறவள் என்று உங்களுக்கே தெரியும். நோன்புக்கு முதல் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, ஆனால் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்றீர்கள். அவள் ஏன் என்று கேட்டாள். வந்து என்ன செய்ய என்றீர்கள். பிறகு, "ஆறு வருசமாப் போச்சி, உங்கட உம்மா என்னோட ஒரு வார்த்த கதைக்கல்ல. அந்த ஊட்டுல நான் ஆரு?" என்று கேட்டீர்கள். சிரட்டை தெரியும் வரைக்கும் துருவிக்கொண்டே இருந்தாள். அன்று பகல் அவள் சாப்பிடவில்லை.

கேள்வி என்னைப் பற்றியது, அதனால் பதிலும் நான்தான் சொல்ல வேண்டும். பெப்ரவரி முதல் கிழமை கையெழுத்து என்றீர்கள். அதற்கு முதல் இது உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள் மகன். நான் உங்களோடு கதைக்கவில்லை என்பது சரியில்லை. கொரோனாக் காலத்தில் இந்த வீட்டில் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கட்டார் வெயிலுக்கு மறதியும் வரும்தானே. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஞாபகப்படுத்துகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அறையில் கூடப் படுக்கிறவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

உங்கள் கலியாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வழக்கப்படி வீட்டை முஸ்பிறாவின் பெயருக்கு எழுதி, முன் அறையை உங்களுக்கு விட்டுவிட்டு நான் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போயிருந்தேன். உங்கள் மாமா அபுல் ஹஸன் அப்போது மௌத்தாகி நான்கு வருசம். வீட்டில் மூன்று பேர்தான். முஸ்பிறா நடுவில் இருந்ததால் ஒரு கரைச்சலும் இல்லை. நீங்கள் கேட்பதை அவளிடம் கேட்பீர்கள், நான் சொல்வதை அவளிடம் சொல்வேன், அவள் ஹோலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். புது மருமகனுக்கு முன்னால் மாமி போய் நிற்காத வீடு எங்கள் பக்கத்தில் எல்லா வீடும்தான். உங்கள் மருதமுனையிலும் அப்படித்தான். உங்கள் ராத்தாவின் மாப்பிள்ளைக்கு முன்னால் உங்கள் உம்மா கதிரை போட்டு உட்கார்ந்து கதைத்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

அந்த நேரம் பார்த்துத்தான் முஸ்பிறாவைக் கந்தோரில் இருந்து ஒரு கிழமைப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தெஹிவளையில் அவளுடைய சாச்சி வீட்டில் தங்கினாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊரடங்கு என்றார்கள். திங்கட்கிழமை எடுப்பார்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இடைக்கிடை எடுத்தார்கள், கொழும்பில் எடுக்கவேயில்லை. அவள் அங்கே, நாங்கள் இரண்டு பேரும் இங்கே. முகம் பார்த்துக் கதைக்காத மாமியும் மருமகனும் ஒரு வீட்டுக்குள். கேட்டவர்களுக்கெல்லாம் சிரிப்பு. உங்கள் உம்மாகூடப் போன் எடுத்து முஸ்பிறாவிடம் சிரித்தாவாம்.

முதல் நாட்களில் என்ன செய்தோம்? நான் குசினியில் இருந்து கொழும்புக்குப் போன் எடுப்பேன். மீனை ஆணம் வைக்கவா பொரிக்கவா என்று அவரிடம் கேள் என்பேன். அவள் போனை வைத்துவிட்டு ஹோலில் இருக்கிற உங்களுக்கு எடுப்பாள். நீங்கள் மெதுவாகத்தான் கதைப்பீர்கள், ஆனாலும் எனக்குக் குசினி வாசல் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். மாமிக்கு எது லேசோ அதைச் செய்யச் சொல்லுங்கோ என்பீர்கள். பிறகு அவள் எனக்கு எடுத்து அதையே சொல்வாள். நானும் அப்போதுதான் கேட்கிற மாதிரி ஓம் ஓம் என்பேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குக் கதை கொழும்பு போய் வந்தது. அதற்குள் சட்டியில் எண்ணெய் கருகிவிடும்.

போனில் ரீலோட் காசு முடிந்ததும் அந்த வழியும் அடைபட்டது. கடைகள் பூட்டு. போன் திருத்துகிற உங்களிடமே ரீலோட் இல்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுப் பூனை நடுவில் வந்தது. முதலில் யார் தொடங்கினது என்று நினைவிருக்கிறதா? நீங்கள்தான். ஒரு நாள் காலையில் ஹோலில் நின்று, "பூன, மாமிக்கிட்டச் சொல்லு, இண்டைக்கி தேத்தண்ணிக்கிச் சீனி கொஞ்சம் கூடிப் போச்சி" என்றீர்கள். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் பொத்தினேன். அடுத்த நாள் சீனியே போடாமல் தந்துவிட்டு, இது காணுமா என்று கேட்டு வா என்று நானும் பூனையை அனுப்பினேன். அது போகவில்லை. மீன் வெட்டுகிற நேரம் தவிர வேறு நேரத்தில் அது யார் சொல்லும் கேட்காது. ஆனால் எங்கள் இரண்டு பேரின் மரியாதையையும் அதுதான் கொஞ்ச நாள் காப்பாற்றியது.

இதோடு இன்னொன்றும் இருந்தது. அதுதான் வினையாகப் போனது. குசினியில் இருந்து ஹோலைக் கடந்து முன் வாசலுக்குப் போவதென்றால் நான் ஒரு செருமல் செருமுவேன். என் உம்மா அப்படித்தான், அவவுடைய உம்மாவும் அப்படித்தான். மாமி வாறா என்று மருமகனுக்குத் தெரிய வேண்டும், சாரனைச் சரிசெய்ய வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம், எழும்பிப் போக வேண்டுமென்றால் போகலாம். நீங்களும் நல்ல வீட்டுப் பிள்ளை. கிணற்றடிக்குப் போகும்போது நீங்களும் செருமுவீர்கள். வேறு காலம் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உலகமே ஒரு இருமலுக்குப் பயந்து கதவைப் பூட்டியிருந்த நேரத்தில், நாங்கள் விடிந்ததில் இருந்து படுக்கும் வரைக்கும் மாறி மாறிச் செருமிக்கொண்டிருந்தோம். மரியாதைக்காக.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சுஹறா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் நல்லவள், ஆனால் பயந்தவள். அவள் தன் தம்பியிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, றுகையா வீட்டில் மாமிக்கும் மருமகனுக்கும் விடாத இருமல் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. கடைசியில் சுகாதாரக் கந்தோர் பீ.எச்.ஐ. சேரின் காதுக்கும் போய்விட்டது. ஒரு நாள் பகல் அவர் முகமும் தெரியாமல் மூடிக்கொண்டு கேற்றடியில் வந்து நின்றார். ஒழுங்கையில் ஒரு மனிசரும் இல்லை, ஆனால் எல்லா வேலியிலும் கண் இருந்தது.

அந்தச் சேர் மலைநாட்டில் இருந்து மாறி வந்தவர். நல்ல மனிசர், அழகாகத் தமிழ் கதைப்பார். எங்கள் பகுதி மாமி மருமகன் சங்கதி மட்டும் அவருக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றீர்கள். நான் குசினி வாசலில் வந்து நிற்பது உங்களுக்குத் தெரிய வேண்டுமே என்று அந்த நேரம் பார்த்து நான் செருமினேன். நீங்களும் பழக்கத்தில் திருப்பிச் செருமினீர்கள். சேர் கேற்றை விட்டுப் பின்னால் போய் ஒழுங்கையின் நடுவில் நின்றார்.

இது எத்தனை நாளாக என்று அங்கிருந்து சத்தமாகக் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை நீங்கள். "கலியாணம் முடிச்ச நாள்லருந்து, சேர்" என்றீர்கள். மாமிக்கு எப்போதிருந்து என்றார். "அவக்கு நான் இந்த ஊட்டுக்கு வந்த நாள்லருந்து" என்றீர்கள். சேர் அதை எழுதிக்கொண்டார். கலியாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். முன்னூறு பேர் இருக்கும் என்றீர்கள். எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. இது வருத்தம் இல்லை சேர், மரியாதை என்று பிறகு எவ்வளவோ விளங்கப்படுத்தினீர்கள். ஆனால் கேட்கிறவருக்கு அது வருத்தத்தைவிட மோசமாகத்தான் கேட்டிருக்கும். கேற்றில் கடதாசி ஒட்டினார்கள். இரண்டு கிழமைக்கு ஒருவரும் வெளியே போகவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது.

காரைதீவில் இருந்து மரக்கறி கொண்டுவரும் அழகரெத்தினம் அண்ணன் மட்டும் எங்களைக் கைவிடவில்லை. மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியின் நுனியில் பையைக் கொழுவி மதிலுக்கு மேலால் நீட்டுவார். ஒரு நாள் பை அறுந்து வெண்டிக்காய் முழுக்கக் கிணற்றுக்குள் விழுந்தது. நீங்கள் வாளி போட்டுப் பொறுக்கினீர்கள். நான் வாசலுக்குள் நின்று, அந்தா ஒன்று மிதக்குது என்று பூனைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மகன், அந்த இரண்டு கிழமையும் சிரிப்பாக மட்டும் இருக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கொரோனாவில் மௌத்தானால் மண்ணில் அடக்கவிடாமல் எரிக்கிறார்கள் என்ற செய்தி வந்திருந்தது. தலையிடி என்று சொல்லவே பயம். கொத்தமல்லி அவித்தால்கூட வாசம் வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு அவித்தார்கள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, ஆனால் படுக்கும்போதெல்லாம் அபுல் ஹஸனின் கபுறுக்குப் பக்கத்து இடத்தைத்தான் நினைத்தேன்.

சேர் வந்துபோன மறுநாள் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். பின் தாழ்வாரத்தில் உங்கள் மாமாவின் சைக்கிள் நின்றது. வயலுக்குப் போய்வந்த சைக்கிள். டயர் இல்லை, மணி மட்டும் நல்லது. பூனையிடம் அனுமதி கேட்டுவிட்டு மணியைக் கழற்றினீர்கள். எண்ணெய் விட்டு, துருவைச் சுரண்டி, குசினி வாசல் நிலையில் பூட்டினீர்கள். இனிச் செரும வேண்டாம், வரும்போது இதை அடிக்கச் சொல்லு என்று பூனைக்குச் சொன்னீர்கள். நான் அடித்துப் பார்த்தேன். அவர் வயலால் வந்து கேற்றடியில் அடிக்கிற அதே சத்தம். கொஞ்ச நேரம் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றையில் இருந்து இந்த வீட்டில் செருமல் இல்லை. மணிதான். சுஹறா அதற்கும் பயந்தாள், அது வேறு கதை.

பிறகு எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது.

உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. குளிசை போட்டும் இறங்கவில்லை. மணி அடிக்கவில்லை, அடுப்பு எரியவில்லை என்றதும் உங்களுக்கு விளங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முதலாகக் கஞ்சி காய்ச்சினீர்கள். அடியில் பிடித்து, மேலே தண்ணீராய், நடுவில் அரிசி வேகாமல் ஒரு கஞ்சி. அறை வாசலில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போனீர்கள். நான் குடிக்காமல் அழுதுகொண்டு கிடந்தேன். கஞ்சிக்காக இல்லை. என்னைக் கொண்டுபோகப் போகிறார்கள், கொண்டுபோனால் திரும்பி வரமாட்டேன், மண்ணும் கிடைக்காது என்று. சேர் தினமும் போன் எடுத்து விசாரிப்பார். மருமகன் எனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லட்டும் யா அல்லாஹ் என்று கேட்டேன். நீங்கள் அவரிடம் உண்மையைச் சொன்னீர்கள். எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

போனை வைத்துவிட்டு நீங்கள் என் அறை வாசலுக்கு வந்தீர்கள். திரைச்சீலைக்குக் கீழே உங்கள் கால் தெரிந்தது. அன்று நீங்கள் பூனையைக் கூப்பிடவில்லை. "மாமி, நான் இரிக்கன். பயப்பிடாதீங்க. எங்க கொண்டு போனாலும் நானும் வாறன். உங்களத் தனிய ஒருத்தருக்கிட்டயும் குடுக்க மாட்டன்" என்றீர்கள். என் மகன் வயிற்றிலேயே போனவன். இருந்திருந்தால் உங்கள் வயதுதான். அவன் வந்து வாசலில் நின்று சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கு வாய் வரவில்லை. வழக்கமும் ஒரு பக்கம், அழுகையும் ஒரு பக்கம். ஆனால் நான் பேசாமல் கிடந்தேனா? எழும்பினேன். நீங்கள் ஹோலுக்குப் போனபின் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வாசல் வரைக்கும் வந்தேன். மணியை அடித்தேன். கையில் பெலன் இல்லாததால் சத்தம் சின்னதாகத்தான் வந்தது. நீங்கள் என்ன நினைத்தீர்களோ தெரியாது. மாமிக்குத் தண்ணீர் வேண்டுமாக்கும் என்று நினைத்து ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தீர்கள். தண்ணீர் கேட்கவில்லை மகன். ஓம் மகன், நீங்க இருக்கிறீங்க, எனக்குப் பயம் இல்லை என்று சொன்னேன். ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்றீர்களே, அதுதான் அந்த வார்த்தை. ஆறு வருசமாக அது உங்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த நாள் வளவுக்குள் கதிரை போட்டு என்னை இருத்தி மூக்குக்குள் குச்சி விட்டார்கள். முக்காட்டை நீக்கி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நான் இருந்த இருப்பை உங்கள் மாமாகூடக் கண்டதில்லை. நீங்கள் எனக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள், ஆனால் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு. குச்சியை எடுத்ததும் நான் தும்மின தும்மலுக்கு குச்சி விட்ட தாதி அலறிக்கொண்டு ஓடினா. அப்போதும் நீங்கள் திரும்பவில்லை. முருங்கையில் எத்தனை காய் என்று அன்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பீர்கள். முடிவு வந்தது, ஒன்றும் இல்லை, சும்மா காய்ச்சல்தான். அல்ஹம்துலில்லாஹ். கேற்றில் ஒட்டின கடதாசியை நீங்கள் கிழிக்கும்போது சுஹறா வேலியால் வட்டிலப்பம் நீட்டினாள்.

நோன்பும் வந்தது. பள்ளிவாசல் பூட்டு. இஷாவுக்குப் பிறகு ஹோலில் நீங்கள் முன்னால் நின்று தொழுவித்தீர்கள், நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தொழுதேன். ஒரு இமாமும் ஒரு ஜமாஅத்தும். உங்களுக்குப் பாடமாக இருந்ததெல்லாம் சின்னச் சூறாக்கள். மாதம் முழுக்க அதையே சுற்றிச் சுற்றி ஓதினீர்கள். நான் பொறுத்துக்கொண்டேன். களைப்பில் சில நாள் இரண்டு றக்அத்தில் இருக்க மறந்து மூன்றாவதுக்கு எழும்பிவிடுவீர்கள். இமாம் பிழைவிட்டால் பெண்கள் கை தட்டித்தானே உணர்த்த வேண்டும். தட்டினேன். நீங்கள் உடனே இருந்தீர்கள். ஒரு நாளும் முகம் சுழிக்கவில்லை, இது என்ன தட்டல் என்று கேட்கவில்லை. சலாம் கொடுத்தபின் மெதுவாகச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் பிடித்த நோன்புகளில் அந்த வருசத்து நோன்புதான் எனக்கு இன்னும் இனிக்கிறது.

பெருநாளும் கழிந்துதான் முஸ்பிறா வந்தாள். வந்தவள் மறுபடியும் ஹோலுக்கும் குசினிக்கும் நடக்கத் தொடங்கினாள். நீங்கள் பழையபடி மரியாதையான மருமகன், நான் பழையபடி திரைச்சீலைக்குப் பின்னால். மணி மட்டும் வாசலில் இருந்தது. பிறகு ஆதிலா பிறந்தாள். பிறகு நாட்டில் சாமான் இல்லாமல் போய், போன் பார்ட்ஸ் வராமல், கல்முனைப் பஸாரில் கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் கட்டாருக்குப் போனீர்கள். போகும்போது ஹோலில் நின்று மாமிக்குச் சலாம் சொல்லு என்று முஸ்பிறாவிடம் சொன்னீர்கள். நான் மணி அடித்தேன். அந்தச் சத்தத்தில் இருந்ததை நீங்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வீட்டில் நான் யார் என்று கேட்டீர்கள். வீடு உங்கள் பெண்சாதியுடையது, உங்கள் பிள்ளையுடையது. விருந்தாளி என்று ஒருவர் இருந்தால் அது பின் அறையில் படுக்கிற நான்தான். நீங்கள் அந்த வீட்டில் என்னைத் தனியே விடமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆம்பிளை. இரண்டு வருசம் அல்ல, பத்து வருசத்துக்குக் கையெழுத்து வைத்தாலும் அது மாறாது. ஆனால் வைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். பஸாரில் பழைய கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அர்ஹம் வருவாரென்றால் ஒருவருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன் என்று கடைக்காரர் முஸ்பிறாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் உங்களிடம் சொல்லப் போன நேரம்தான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். பிறகு அவள் சொல்லவில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

மருமகன் மாமிக்கு மகன்தான், முகம் மறைக்கத் தேவையில்லை என்று மார்க்கம் தெரிந்தவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மறைத்தது ஊர் வழக்கம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் உம்மாவும் அபுல் ஹஸனும் கடைசிவரை முகம் பார்த்துக் கதைத்ததில்லை, ஆனால் உம்மாவின் ஜனாஸாவை முதலில் தோளில் வாங்கினது அவர்தான். எங்களுக்கு அது அன்பாகத்தான் இருந்தது. உங்களுக்கு அது அன்பாகப் படவில்லையென்றால் எனக்கும் அது வேண்டாம். ஒரு திரைச்சீலைக்காக என் பிள்ளை புருசன் இல்லாமலும், பேத்தி வாப்பா இல்லாமலும் இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் போனில் குரலாக அனுப்பலாமே என்று கேட்பீர்கள். என் குரல் உங்களுக்குத் தெரியாததல்ல, நான் சுஹறாவோடு கதைத்தால் சந்திக்குக் கேட்கும். ஆனால் உங்களைப் பார்த்து நான் கதைக்கிற முதல் கதை ஒரு போனுக்குள் இருந்து வரக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பார்சலில் தொதலுக்குக் கீழே துணியில் சுற்றின ஒன்று இருக்கும். சாப்பாட்டுச் சாமான் என்று நினைத்துக் கடித்துவிடாதீர்கள். வாசல் நிலையில் இருந்து மணியைக் கழற்றிவிட்டேன். ஸ்க்ரூ இறுகிப்போய், கத்தி நுனியால்தான் எடுத்தேன். விரலில் கொஞ்சம் வெட்டு, பெரிதாக இல்லை. ஆதிலா வந்து மணி எங்கே என்று கேட்டாள். வாப்பாவிடம் இருக்கிறது, கொண்டுவருவார் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரியாக்க வேண்டாம். அது அபுல் ஹஸனின் சாமான், வயிற்றிலேயே போன என் மகனுக்குச் சேர வேண்டியது. இப்போது உங்களுடையது. யாரிடமும் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுவர வேண்டும். வாசலில் பூட்டுவதற்கு இல்லை, பிள்ளையின் சின்னச் சைக்கிளில் பூட்டுவதற்கு.

நீங்கள் வருகிற அன்று திரைச்சீலையும் இருக்காது. தோய்த்துக் காய வைத்திருப்பேன். முஸ்பிறாவைக் குசினிக்கு அனுப்பிவிட்டு நான்தான் கேற்றைத் திறப்பேன். முக்காட்டோடு, ஆனால் முகத்தைத் திறந்து. முருங்கை மரத்தைப் பார்க்க முடியாது, போன மாரியில் அது விழுந்துவிட்டது. அதனால் என்னைத்தான் பார்க்க வேண்டிவரும். "வாங்க மகன்" என்று நான் சொல்வேன். இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் வருகிறது.

நோன்புக்குப் பள்ளி திறந்துதான் இருக்கும். ஆனாலும் முதல் நாள் நீங்கள் ஹோலில் தொழுவிக்க வேண்டும். அதே சின்னச் சூறாக்கள் போதும். பிழைவிட்டால் தட்ட நான் இருக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் காலை நல்லபடியாக உங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
மாமி றுகையா